அந்தி மழையும் விடியல் மழையும்



பட்டணத்தில் இருப்பவர் குடை எடுத்துப் போவதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள வானத்தைப் பார்ப்பார். பால் வெட்டும் குடும்பமோ, அன்றைய வேலை உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள வானத்தைப் பார்க்கும். நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. இன்று தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் ரப்பர் காடு குறைந்து, செம்பனைக் காடு பெருகியிருக்கிறது. பலர் லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடியேறிவிட்டார்கள். ஆனாலும் விடியற்காலையில் கதவைத் திறந்ததும் முதலில் மேலே பார்க்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

நமக்குத் தெரிந்த மழை இரண்டு வகை. அந்தியில் இடி மின்னலோடு வந்து கொட்டிவிட்டுப் போகும் மழை ஒன்று. விடியற்காலையில் காற்றோடு வந்து, பெரட்டுக்குக் கிளம்பியவர்களை வீட்டுக்குள் திருப்பி அனுப்பும் மழை மற்றொன்று. அந்தி மழையால் வெட்டுக்காரருக்கு அவ்வளவு நட்டமில்லை. பெரும்பாலும் விடிவதற்குள் மரம் காய்ந்துவிடும். விடியல் மழைதான் கூலியில் கை வைக்கும்.

ஏன் விடியலிலேயே வெட்டுகிறோம்? பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் இரவின் குளிர்ச்சியில் நீர் நிறைந்து விம்மி நிற்கின்றன. வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன. குழாய்களின் அழுத்தம் குறைந்து பால் ஓட்டமும் குறைகிறது. ஆகவே பால் நன்றாக ஓடும் நேரம் விடியல் நேரமே. அந்த நேரத்தில் பட்டை நனைந்திருந்தால், பால் வெட்டிய கோட்டை விட்டு மரமெல்லாம் வழிந்து ஓடும். மங்கில் விழுந்ததும் மழைநீரோடு கலந்து வீணாகும். அந்தக் காலத்துத் தினக்கூலிக் குடும்பத்தில் விடியல் மழை என்றால் கடைக்காரர் கணக்கில் இன்னொரு வரி ஏறியது என்று பொருள்.

இந்த இரண்டு மழையும் ஒரே வானத்திலிருந்து விழுந்தாலும், பிறக்கும் இடம் வேறு, பிறக்கும் நேரம் வேறு. அவற்றின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் கூலியையும் ஓரளவு காத்துக்கொள்ளலாம். அதைவிட மேலாக, உயிரைக் காத்துக்கொள்ளலாம். இந்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

காற்றுக்கும் எடை உண்டு

நம் தலைக்கு மேல் இருப்பது வெறும் வெளி என்று நினைக்கிறோம். உண்மையில் நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் நடமாடுகிறோம். ஒரு விரல் நகம் அளவுள்ள இடத்தின்மேல் சுமார் 1 கிலோ எடையுள்ள காற்று நிற்கிறது. எல்லாப் பக்கமிருந்தும் சமமாக அழுத்துவதால் நமக்கு அது தெரிவதில்லை. மேகம், மழை, இடி என்று நாம் பார்க்கும் எல்லாமே இந்தக் காற்றுக் கடலின் அடி அடுக்கில் நடப்பவை. அந்த அடுக்கு நம் பகுதியில் சுமார் 16 கிலோமீட்டர் உயரம் கொண்டது. துருவப் பகுதிகளில் அதில் பாதிதான்.

சூரியன் காற்றை நேராகச் சூடாக்குவது மிகக் குறைவு. வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது. சூடான தரை தன்மேல் படிந்துள்ள காற்றைச் சூடாக்குகிறது. நண்பகலில் தார்ச்சாலைக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பு கீழே இருக்கிறது; அதனால் மேலே போகப் போகக் குளிர்ச்சி. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. கேமரன் மலைக்குப் போனால் நமக்குக் கம்பளிச் சட்டை தேவைப்படுகிறதே, காரணம் இதுதான். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நம் சமவெளியைவிட ஏறக்குறைய 10 பாகை குறைவு.

சூடான காற்று இலேசானது. அது மேலே எழும். மேலே அழுத்தம் குறைவு என்பதால் அது விரிகிறது; விரியும்போது குளிர்கிறது. மோட்டார் சைக்கிள் டயரில் காற்றை இறக்கும்போது வெளியே வரும் காற்று சில்லென்று இருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். அதே வேலைதான் வானத்திலும் நடக்கிறது.

மேகம் எப்படிக் கட்டுகிறது?

கோப்பிக் கடையில் ஐஸ் போட்ட கிளாஸ் சிறிது நேரத்தில் வெளிப்புறம் வியர்த்துவிடுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் கண்ணாடி வழியாகக் கசியவில்லை. அது காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாக இருந்த தண்ணீர். சூடான காற்று நிறைய ஆவியைச் சுமக்கும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு சுமக்க முடியாது. 30 பாகை சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகைக்குக் குளிர்ந்தால் சுமார் 17 கிராம்தான். மீதம் 13 கிராம் என்ன ஆகும்? துளிகளாக மாறும். கிளாஸின் மேல் மாறினால் வியர்வை. வானத்தில் மாறினால் மேகம்.

இந்தத் துளிகள் தாமாகச் சேருவதில்லை. ஒட்டிக்கொள்ள ஏதேனும் ஒரு பிடிமானம் வேண்டும். கடல் உப்பின் பொடி, புகை, தூசி இவைதான் அந்தப் பிடிமானம். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அகன்ற வாய் உள்ள கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றுங்கள். எரியும் ஊதுபத்தியின் புகையைச் சிறிது உள்ளே விடுங்கள். வாயின்மேல் ஒரு தட்டை வைத்து, அதில் ஐஸ் கட்டிகளைப் போடுங்கள். சற்று நேரத்தில் போத்தலுக்குள் வெண்மேகம் சுழலும். வெந்நீரைப் பெரியவர்கள் ஊற்றட்டும். பிள்ளைகள் பார்த்துக் கேள்வி கேட்கட்டும்.

மேகத் துளி மிகச் சிறியது. ஒரு சாதாரண மழைத்துளி உருவாக ஏறக்குறைய பத்து லட்சம் மேகத் துளிகள் ஒன்றுசேர வேண்டும். அதனால்தான் வானத்தில் மேகம் இருந்தும் பல நாள் மழை பெய்வதில்லை. துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாவதற்கு மேகம் உயரமாக வளர வேண்டும்.

அந்தி மழையின் பிறப்பு

இப்போது நம் ஊரைப் பாருங்கள். தாசேக் கெலுகோர் தாழ்ந்த சமவெளி. மேற்கே சில மைல்களில் கடல். கிழக்கே கூலிம் பக்கத்து மலைகள். வடக்கே சுங்கை மூடாவுக்கு அப்பால் ஜெராய் மலை. காலை வெயிலில் தரை விரைவாகச் சூடேறுகிறது. கடல் மெதுவாகத்தான் சூடேறும். முற்பகலில் தரையின்மேல் உள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கமிருந்து ஈரக் காற்று உள்ளே வருகிறது. இதுதான் கடற்காற்று.

அது உள்நோக்கிப் போகப் போக எதிரே உள்ள சூடான காற்றை மேலே தள்ளுகிறது. மலையில் மோதினால் தானும் மேலே ஏறுகிறது. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் உச்சியில் அடிக்கடி ஒரு மேகத் தொப்பி உட்கார்ந்திருப்பதற்கு இதுவே காரணம். பிற்பகலில் கிழக்கே மேகங்கள் காலிபிளவர் போலக் குமுறி வளர்வதையும் பார்க்கலாம். உயரே வீசும் காற்று கிழக்கிலிருந்து வருமானால், அந்த மேகங்கள் அந்தியில் நம் பக்கம் திரும்பும்.

ஒரு மேகம் இத்தனை வேகமாக வளர எங்கிருந்து பலம் வருகிறது? அடுப்படியில் இருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும்: தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவது எளிது, அதை முழுவதும் வற்றவைக்க அதிக விறகு வேண்டும். 30 பாகையில் உள்ள தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவைப்படும் வெப்பத்தைவிட, அதை முழுவதும் ஆவியாக்க ஏழு மடங்குக்கு மேல் வெப்பம் தேவை. அந்த வெப்பம் அழிவதில்லை, ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆவி மீண்டும் துளியாகும்போது அந்த வெப்பம் வெளியே வருகிறது. அது மேகத்துக்குள் இருக்கும் காற்றை மேலும் சூடாக்கி, மேலும் மேலே தூக்குகிறது. கடலிலும் வயலிலும் காட்டிலும் சூரியன் எரித்த விறகை, மேகம் வானத்தில் பயன்படுத்துகிறது என்று சொல்லலாம்.

இப்படி வளரும் இடிமேகம் 15 கிலோமீட்டர் உயரத்தையும் எட்டும். சுமார் 5 கிலோமீட்டருக்கு மேல் எல்லாம் உறைநிலைதான். நமது வெப்ப நாட்டின் வானத்திலும் பனிக்கட்டி இருக்கிறது என்றால் வகுப்பில் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். எப்போதாவது இங்கேயும் ஆலங்கட்டி விழுவது அதற்குச் சாட்சி.

மேகம் சுமக்க முடியாத அளவுக்கு நீர் சேர்ந்ததும் மழை இறங்கத் தொடங்குகிறது. விழும் மழை தன்னோடு குளிர்ந்த காற்றையும் கீழே இழுத்து வருகிறது. அது தரையில் மோதி நாலாபக்கமும் பரவுகிறது. மழைக்கு முன்னால் திடீரென்று ஒரு குளிர்காற்று வந்து, கொடியில் உலரும் துணிகளை அடித்துக்கொண்டு போகிறதே, அது இந்தக் காற்றுதான். அந்தக் குளிர்காற்று உங்கள் முகத்தில் பட்டுவிட்டால், மழை ஏற்கெனவே அருகில் எங்கோ இறங்கிவிட்டது. மின்னலும் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. துணி எடுக்க ஓடும் தாய்மார்கள், அதற்கு முன் திடலில் விளையாடும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட வேண்டும்.

தனியாக நிற்கும் ஓர் இடிமேகத்தின் ஆயுள் சுமார் ஒரு மணி நேரம். இறங்கும் குளிர்காற்று, ஏறும் சூடான காற்றை அடைத்துவிடுகிறது; அடுப்பு அணைந்துவிடுகிறது. ஆனால் அது பரப்பிய குளிர்காற்று பக்கத்தில் புதிய மேகத்தைக் கிளப்பிவிடுவதும் உண்டு. அந்தி மழை அழுதாலும் விடாது என்று பெரியவர்கள் சொன்னதில் இந்த உண்மையும் இருக்கிறது.

விடியல் மழையின் பிறப்பு

"ஐயா, ராத்திரியில் வெயில் இல்லையே, அப்புறம் எப்படி விடியக்காலையில் இடி மழை வருது?" என்று ஒரு மாணவி கேட்டாள். மிக நல்ல கேள்வி. பகலில் நடந்ததைத் திருப்பிப் போட்டால் விடை கிடைக்கும்.

இரவில் தரை விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது. கடல் தன் சூட்டை எளிதில் விடுவதில்லை. இப்போது கடல்தான் அடுப்பு. காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மலாக்கா நீரிணை ஒடுங்கிய கடல். இந்தப் பக்கம் நம் தீபகற்பம், அந்தப் பக்கம் சுமத்திரா. இரண்டு கரையிலிருந்தும் தரைக்காற்று கடலுக்குள் இறங்கி, நடுவில் ஒன்றையொன்று சந்திக்கிறது. சந்தித்த காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. வெதுவெதுப்பான நீரிணையின்மேல், நாம் உறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இடிமேகங்கள் வரிசை கட்டுகின்றன.

தென்மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் அந்த வரிசை முழுவதும் நம் கரையை நோக்கி நகர்கிறது. இதற்கே ‘சுமத்திராஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொதுவாக ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, நள்ளிரவுக்குப் பின்னும் காலை நேரத்திலும் இது வரும். முதலில் பலத்த காற்று, பிறகு கொட்டும் மழை, அதன்பின் நீண்ட தூறல். கடும் மழை ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்தாலும் பால் வெட்டும் நேரம் போய்விடும். கடலில் இருக்கும் மீனவர்களுக்கோ இது உயிர் பிரச்சினை.

ஆகவே அந்தி மழைக்குக் கிழக்கே பாருங்கள். விடியல் மழைக்கு மேற்கே பாருங்கள். நான்கு மணிக்கு எழுந்து கதவைத் திறக்கும்போது மேற்கே கடல் பக்கம் வானம் அடிக்கடி பளிச்சிட்டால், இடிச் சத்தம் கேட்காவிட்டாலும், மழை வரிசை வந்துகொண்டிருக்கலாம். அன்று சிறிது பொறுத்துப் பார்ப்பது நல்லது. மேற்கே நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தால் கத்தியைத் தீட்டலாம்.

வருடத்தின் கணக்கு

நம் பகுதிக்கு வருடத்தில் இரண்டு மழைக் காலம். ஏப்ரல், மே ஒன்று. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மற்றொன்று. இரண்டாவதே பெரியது. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும். சூரியனைத் தொடர்ந்து, வட பகுதிக் காற்றும் தென் பகுதிக் காற்றும் சந்திக்கும் பெரிய மழைப் பட்டையும் நகர்கிறது. சூரியன் நம்மைக் கடந்து போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அது நம்மைக் கடக்கிறது. அந்த மாதங்களில் காற்றும் மெலிந்திருப்பதால் அந்தி இடிமேகங்கள் தடையின்றி வளர்கின்றன.

மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. சுமத்திராவின் நீண்ட மலைத்தொடர் அதன் ஈரத்தில் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அது தென்சீனக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து கிளந்தான், திரங்கானு பக்கம் கொட்டிவிடுகிறது. நடுவில் உள்ள மலைகளைத் தாண்டி நம்மிடம் வரும்போது அது பெரும்பாலும் வறண்ட காற்று. 2014 டிசம்பரில் கிளந்தான் பெரும் வெள்ளத்தில் மூழ்கியதை நினைவில் வைத்திருப்பீர்கள். அதே பருவக்காற்றுதான் சனவரி, பிப்ரவரியில் நம் ரப்பர் மரங்களை இலையுதிர வைக்கிறது.

இந்தப் பருவக்காற்றுக்கும் நமக்கும் பழைய உறவு. இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025-ஆம் ஆண்டு கடாரத்துக்கு வந்தது. தமிழ் வணிகர்கள் பருவக்காற்றைப் பிடித்துக் கிழக்கே வந்து, காற்று திரும்பும்வரை காத்திருந்து ஊர் போனார்கள். கடாரத்தின் சின்னங்கள் கிடைத்துள்ள பூஜாங் பள்ளத்தாக்கு ஜெராய் மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. கடலில் வருபவர்களுக்குத் தூரத்திலேயே தெரிந்த அடையாளம் அந்த மலை. வடக்கே நாம் தினமும் பார்க்கும் அதே மலை.

சில வருடங்களில் கணக்குத் தவறும். பசிபிக் கடலின் சூடான நீர் கிழக்கு நோக்கி நகர்ந்துவிட்டால் மழையும் அதன் பின்னால் போய்விடுகிறது. இதை எல் நினோ என்கிறார்கள். அப்படிப்பட்ட 1998-இல், ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிசின் சுப்பிங்கில் 40.1 பாகை பதிவானது. 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெயிலுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். தொடர்ந்து மூன்று நாள் 37 பாகையைத் தாண்டினால் அது வெப்ப அலை. அப்படிப்பட்ட நாட்களில் வெளிக்காட்டில் வேலை செய்பவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

2017 நவம்பர்

அந்தி மழை, விடியல் மழை என்ற நம் கணக்கில் அடங்காத ஒன்றும் உண்டு. 2017 நவம்பர் 4-ஆம் நாள், சனிக்கிழமை. பிற்பகலில் தொடங்கிய மழை அந்தியோடு நிற்கவில்லை. இரவு முழுவதும் பலத்த காற்றோடு கொட்டியது. பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் மரங்கள் சாய்ந்தன. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் துயர்துடைப்பு மையங்களில் தங்கினார்கள். நள்ளிரவுக்குப் பின் மாநில அரசு இராணுவத்தின் உதவியைக் கேட்க வேண்டியிருந்தது.

காரணம், கிழக்கேயிருந்து வந்து தென் தாய்லாந்துப் பக்கமாக மேற்கே நகர்ந்த ஒரு தாழ்வழுத்தம். தாழ்வழுத்தம் என்பது சுற்றியுள்ள காற்றையெல்லாம் தன்பக்கம் இழுக்கும் பள்ளம். சாதாரண இடிமேகத்தின் அடுப்பு ஒரு மணி நேரத்தில் அணையும். தாழ்வழுத்தமோ கடலின் ஈரத்தை நிற்காமல் இழுத்து ஊட்டிக்கொண்டே இருக்கும். அதனால் அடுப்பு அணைவதில்லை.

தமிழ்நாட்டில் உள்ள உறவினர்கள் புயல் என்று சொல்வதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 2018 நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. பூமி சுழல்வதால் காற்று வளைந்து சுற்றுகிறது. அந்தச் சுழற்சியே புயலுக்கு அச்சாணி. பூமத்திய ரேகைக்கு அருகில் அந்த வளைவு மிகக் குறைவு என்பதால் நம் நாட்டில் புயல் அரிது. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2001 டிசம்பர் 27-ஆம் நாள் வாமெய் என்ற புயல் ஜொகூரில் கரை ஏறியது.

காற்றின் சூடு ஒரு பாகை கூடினால் அது சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைச் சுமக்கும். உலகம் சூடேறிவரும் இந்தக் காலத்தில், பெய்யும்போது முன்னைவிடக் கனமாகப் பெய்வதற்கு இதுவே காரணம். ஆற்றோரத்திலும் தாழ்ந்த இடத்திலும் குடியிருப்பவர்கள் முக்கியப் பத்திரங்களை உயரமான இடத்தில், பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பது இனி நல்ல பழக்கம் மட்டுமன்று, தேவையும்கூட.

மின்னலுக்கு முன்னால்

மேகத்தின் மேல் பகுதியில் பனித்துகள்களும் மென்பனி உருண்டைகளும் மோதிக்கொள்ளும்போது மின்னேற்றம் பிரிகிறது. இலேசான துகள்கள் ஒருவகை மின்னேற்றத்தோடு மேலே போகின்றன. கனமானவை மற்ற வகையோடு கீழே தங்குகின்றன. இடைவெளி தாங்க முடியாமல் போகும்போது மின்னல் பாய்கிறது. அது பாயும் வழியில் காற்று சுமார் 30,000 பாகைக்குச் சூடாகிறது. அப்படிச் சூடான காற்று வெடித்து விரியும் ஓசையே இடி.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குள்ளோ பள்ளிக்கூடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது.

செம்பனைக் காட்டில் வேலை செய்யும் தம்பிமார்களுக்கு ஒரு சிறப்பு வேண்டுகோள். குலை வெட்ட நீங்கள் தூக்கும் நீண்ட அலுமினியக் கம்பு மின்சாரத்துக்கு நல்ல பாதை. இடி கேட்ட பிறகு அதை உயர்த்தக் கூடாது. மின்கம்பிக்கு அருகில் எந்த நாளிலும் உயர்த்தக் கூடாது. பால் வெட்டும் அக்காமார்களே, மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது நம் பழக்கம். இடி மழையில் மரத்தடிதான் மிக ஆபத்தான இடம். மரத்தில் விழும் மின்னல் அருகில் நிற்பவர்மேல் தாவும். மோட்டார் சைக்கிளும் திறந்த லோரியும் பாதுகாப்பல்ல. ஓடிப் போக இடமில்லாத நடுக்காட்டில் சிக்காமல் இருக்க, முதல் இடியிலேயே புறப்பட வேண்டும்.

முடித்துவிட்டுப் போகலாம் என்று மண்டோர் சொன்னாலும், குலை நாளைக்கும் மரத்தில் இருக்கும் என்று மரியாதையாகவே பதில் சொல்லுங்கள். யாரையாவது மின்னல் தாக்கிவிட்டால், அவரைத் தொடப் பயப்பட வேண்டாம். உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. உடனே 999-ஐ அழையுங்கள். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் தெரிந்தவர் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தால் பிழைக்க வழி உண்டு.

ஒரு டின், ஒரு நோட்டுப் புத்தகம்

தோட்ட அலுவலகங்களில் மழைமானி வைத்து மழையை அளந்து எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதை நாமும் செய்யலாம். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பால்மாவு டின்னை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், சாயாமல் வையுங்கள். காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூட அடிக்கோலால் தண்ணீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து, டின்னைக் கவிழ்த்துவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் அந்தி மழை 50 மில்லிமீட்டர் பெய்தால், ஒரு ஏக்கர் காட்டில் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் வேறில்லை.

நோட்டில் தேதி, காலை மழை, மாலை மழை, காற்று வந்த திசை என்று நான்கு கட்டம் போதும். ஒரு வருடம் எழுதினால் உங்கள் தோட்டத்தில் எந்த மாதம் விடியல் மழை அதிகம் என்று உங்களுக்கே தெரியும். எந்த மாதத்தில் கையில் கொஞ்சம் சேர்த்து வைக்க வேண்டும், எந்த மாதத்தில் கடனுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் அந்த நோட்டு சொல்லும்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை இடிமழை எச்சரிக்கையையும், தொடர்மழைக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. ‘மைசுவாச்சா’ என்ற கைப்பேசிச் செயலியில் அதைப் பார்க்கலாம். வீட்டில் கைப்பேசி வைத்திருக்கும் மகனோ மகளோ இரவில் ஒருமுறை பார்த்துப் பெற்றோருக்குச் சொல்லட்டும். ஆனால் துறை பெரிய வட்டாரத்துக்குத்தான் சொல்லும். உங்கள் நிரைக்கு மேலே உள்ள மேகத்தை உங்கள் கண்ணால்தான் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நல்லது.

மாரி என்றாலே மழைதான். மழையின் பெயரையே தாங்கிய அம்மனுக்குத் தோட்டந்தோறும் கோயில் கட்டியவர்கள் நம் முன்னோர். மழையை அவர்கள் மதித்தார்கள். அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது அந்த மதிப்பைக் குறைக்காது. பிள்ளைகள் இன்று மாலையே ஒரு டின்னைத் தேடி எடுக்கட்டும். முதல் மாதக் கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.